முழு டேங்க் போட்டால் போதாதா? ஏ320, கொச்சி மழை, மலைக்கு அப்பால் ஓர் ஓடுபாதை

ஜூன் 8, 2024 – ஒரு வாசகர் கேட்டது

கணினியில் ஓட்டும் விமான சிமுலேட்டரில் எரிபொருளுக்கு யாரும் பணம் கேட்பதில்லை. ஏ320 பயணிகள் விமானத்தை எடுத்தால் டேங்கை முழுக்க நிரப்பிவிட்டுக் கிளம்புகிறேன். எங்கேயும் தீர்ந்துபோனதில்லை. பிறகு எதற்கு இந்தத் திட்டத் தாள், கூட்டல், கழித்தல் எல்லாம்? யாராவது ஒரு நல்ல காரணம் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு 10.40

பணம் கேட்காது, எடை கேட்கும்.

ஏ320 நியோவை எடுத்துக்கொள்வோம். பயணிகளும் சரக்கும் ஏறிய பின், ஒரு சொட்டு எரிபொருள்கூட இல்லாமல் அது இருக்கக்கூடிய உச்ச எடை 64.3 டன். டேங்க் 23,700 லிட்டர் சொச்சம் பிடிக்கும். எடையில் ஏறத்தாழ 18.6 டன். இரண்டையும் கூட்டினால் 82.9. புறப்படுவதற்கான உச்சவரம்போ 79. ஆக, ஆளும் சரக்கும் நிறைந்த விமானத்தில் டேங்கையும் நிரப்பினால் ஓடுபாதைக்குப் போகும் முன்பே 4 டன் அதிகம்.

"நான் அவ்வளவு பேரை ஏற்றுவதில்லை" என்பீர்கள். சரி, எரிபொருள் இல்லாமல் 60 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 78.6 டன்னில் சட்டப்படி புறப்பட்டுவிடலாம். சென்னையிலிருந்து கொச்சிக்கு நேர்கோட்டில் 280 கடல்மைல். எரிவது சுமார் 2.2 டன். கொச்சிக்கு மேலே நிற்கும்போது உங்கள் எடை 76 டன்னுக்கும் மேல். தரையிறங்க அனுமதிக்கப்பட்டது 67.4. இந்த வகை விமானத்தில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது. மிச்சமுள்ள 9 டன்னை எரித்துத் தீர்க்க வேண்டுமானால் வைக்கம், ஆலப்புழை, மறுபடி வைக்கம் என்று நான்கு மணி நேரம் வட்டமடிக்க வேண்டும். அதற்குச் சென்னையிலிருந்து ரயிலில் வந்திருந்தால் பாதி தூரம் தூங்கியாவது இருக்கலாம்.

ஜூன் 9, காலை

"76 டன்னில் இறக்கிப் பார்த்தேன், ஒன்றும் உடையவில்லை" என்று அதே நண்பர் எழுதியிருக்கிறார். உடையாது. சிமுலேட்டர் உங்கள் மீது வழக்குப் போடாது. ஆனால் வேகத்தைக் கவனித்தீர்களா? 60 டன்னில் 130 நாட் (மணிக்கு 130 கடல்மைல்) வேகத்தில் இறங்க வரும் விமானம் 76 டன்னில் 146 நாட் கேட்கும். வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ எடையின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 76-ஐ 60-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்துங்கள். 1.6. அதாவது அறுபது சதவீதம் அதிக ஆற்றலை அதே சக்கரங்கள் தாங்குகின்றன.

கொச்சியில் 3,400 மீட்டர் ஓடுபாதை இருப்பதால் இது தெரியாது. இதையே கோழிக்கோட்டில், மழையில், பின்காற்று வைத்துச் செய்து பாருங்கள். மேசைபோல் வெட்டிய குன்றின் உச்சியில் இருக்கிறது அந்த ஓடுபாதை. முடிந்த இடத்துக்குப் பிறகு மன்னிப்பு இல்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த போயிங் 737 விமானம் அங்கே 21 உயிர்களைப் பலிகொண்டதற்கு எடை காரணமல்ல. நனைந்த ஓடுபாதை, பின்காற்று, 8,858 அடியில் ஏறத்தாழ 4,400 அடி தாண்டிய பிறகே தரையைத் தொட்டது ஆகியவைதான். ஆனால் அந்த மிச்ச நீளத்தில் நிறுத்த முடியுமா என்ற கேள்வியில் எடைக்கும் ஒரு பங்கு உண்டு. வேண்டாத 9 டன்னோடு அங்கே போவது எனக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை.

ஜூன் 10, இரவு

சரி, எவ்வளவுதான் போடுவது? நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ். இங்கே ஜூன் மாதத்தில் மேற்கே பார்த்தால் கறுத்துக் கிடக்கும். தலைக்கு மேலே காற்றுதான் இருக்கும், மழை இருக்காது. கிழக்கே பொள்ளாச்சி சாலையில் வெயில் அடிக்கும். எனக்கு எரிபொருள் கணக்கு புரிந்தது இந்தக் காட்சியிலிருந்துதான், கையேட்டிலிருந்து அல்ல.

கணக்கை முன்னாலிருந்து போடாதீர்கள், பின்னாலிருந்து போடுங்கள். கொச்சியில் இறங்க முடியாவிட்டால் எங்கே போவேன்? அங்கே போய்ச் சேரும்போது எவ்வளவு மீதி இருக்க வேண்டும்? ஜெட் விமானத்துக்கு விதி தெளிவு: 1,500 அடி உயரத்தில் அரை மணி நேரம் வட்டமடிக்கப் போதுமான இறுதி இருப்பு. அதைத் தொடக் கூடாது. ஏ320-க்கு அது சுமார் 1,100 கிலோ. அதன் மேல் மாற்று நிலையத்துக்குப் போகும் செலவு. அதன் மேல் எதிர்பாராததற்கு, பயணச் செலவில் 5 சதவீதம் அல்லது ஐந்து நிமிடம் வட்டமடிக்கும் அளவு, எது அதிகமோ அது. பிறகு பயணச் செலவு. கடைசியில் தரையில் ஊர்ந்து போவதற்கு 200 கிலோ.

சென்னை–கொச்சி, மாற்று நிலையம் கோயம்புத்தூர், என் திட்டத் தாளில் முழு எண்களில்: 1,100 + 1,000 + 200 + 2,200 + 200. மொத்தம் 4,700. மாற்று நிலையம் பெங்களூரு என்றால் 5,400. மழைக்காலத்தில் கொச்சிக்கு மேலே காத்திருக்க அரை மணி சேர்த்தால் 6,500. டேங்கில் மூன்றில் ஒரு பங்கு.

ஜூன் 10, இரவு, மேலும் ஒன்று

5 சதவீதம், 2,200 கிலோவுக்கு 110 தானே என்று கேட்கப் போகிறவருக்கு: குறுந்தூரப் பயணத்தில் ஐந்து நிமிட விதிதான் வெல்லும். அதனால்தான் 200. துபாய் போனால் சதவீதம் வெல்லும்.

ஜூன் 12

பறப்புத் திட்டம் போட்டுத் தரும் சிம்பிரீஃப் தளத்தில் கொச்சி என்று அடித்தால் எனக்குப் பெரும்பாலும் திருவனந்தபுரத்தையோ கோழிக்கோட்டையோதான் மாற்று நிலையமாகக் காட்டுகிறது. ஜனவரியில் அது நல்ல யோசனை. ஜூனில் அது ஒரே குடையின் கீழ் மூன்று பேர் நிற்பது. தென்மேற்குப் பருவமழை கரையோரம் முழுவதையும் ஒரே இரவில் மூடிவிடும். கண்ணூர், கோழிக்கோடு, கொச்சி, திருவனந்தபுரம் நான்கும் மலையின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

இதற்கு நடந்த சாட்சி இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 18 அதிகாலை, தோஹாவிலிருந்து கொச்சி வந்த 737. பார்வைத்தூரம் போதாமல் கொச்சியில் மூன்று முறை இறங்காமலே மேலெழும்பியது. திருவனந்தபுரத்துக்குத் திரும்பியது. அங்கேயும் அதே நிலை. மறுபடி மூன்று முறை மேலெழும்பி, மொத்தத்தில் ஏழாவது முயற்சியில் இறங்கியது. எரிபொருள் இறுதி இருப்பையும் தாண்டி வெகுவாகக் கீழே போயிருந்தது. அவர்கள் கிளம்பும்போது எரிபொருள் குறைவாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு முறை மேலெழும்பும்போதும் தீர்ந்தது எரிபொருள் மட்டுமல்ல, போகக்கூடிய இடங்களும்தான்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். கொச்சியிலிருந்து திருவனந்தபுரம் நேர்கோட்டில் 105 கடல்மைல். கோயம்புத்தூர் 65. மலைக்கு அப்பால் இருப்பதுதான் பக்கத்தில் இருக்கிறது!

ஜூன் 13, மதியம்

கோயம்புத்தூரை இவ்வளவு புகழ்ந்ததற்கு ஒரு நண்பர் "உங்கள் ஊர்ப் பாசம்" என்கிறார். என் ஊர் கேரளத்தில் இருக்கிறது, ஐயா. வாக்கும் ரேஷன் அட்டையும் இங்கேதான்.

ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. 65 கடல்மைல் என்பது நேர்கோடு. அந்தக் கோட்டுக்குத் தெற்கே ஆனைமலை நிற்கிறது. ஆனைமுடி மட்டும் 2,695 மீட்டர். மழை மேகத்துக்குள் அந்தப் பக்கம் தாழப் பறக்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள். மேலெழும்பி, உயரம் எடுத்து, மறுபடி இறங்கி வரும் செலவுதான் அந்த 1,000 கிலோவில் பெரும்பகுதி. தூரம் குறைவு என்பதால் மாற்று நிலையச் செலவைச் சுருக்கிவிட முடியாது. ஓடுபாதையைத் தொடப்போகும் நேரத்தில் மேலே கிளம்புவதே பெருஞ்செலவு.

ஜூன் 15, இரவு 11.55

காற்று. மின்சாரம் போய்விட்டது. கொச்சிக்குப் பத்து மைல் முன்னால். யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும் என்று விற்றவர் சொன்னார், நான்கில் அணைந்தது. 6.5 டன் போட்டுக்கொண்டு போனவனுக்கு இதுதான் மரியாதை. தொலைபேசியில் எழுதுகிறேன், நாளை பார்ப்போம்.

ஜூன் 16

செங்கோட்டை நண்பரின் கேள்வி: திருவனந்தபுரத்துக்குப் போகும்போது தூத்துக்குடியை மாற்று நிலையமாக வைக்கலாமா, பக்கம்தானே? பக்கம்தான். 67 கடல்மைல். மலைக்குக் கிழக்கே, காய்ந்த பூமி. ஆனால் 2024-இல் அங்கே பயன்பாட்டில் இருந்த ஓடுபாதை 1,350 மீட்டர். ஏடிஆர் போன்ற சிறு விமானம் இறங்கும், ஏ320 இறங்க முடியாத நீளம் அது. விரிவாக்க வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் மதுரை: 106 கடல்மைல், ஓடுபாதை ஏறத்தாழ 2,285 மீட்டர். இறங்கலாம். ஆனால் 3,400 மீட்டரைப் பார்த்துவிட்டு மதுரைக்கு வருபவர் தன் எடையை மறுபடி ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. அதிகம் போட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கேதான் இடிக்கிறது. காத்திருக்க உதவிய அதே எரிபொருள், மாற்று நிலையத்தின் குட்டை ஓடுபாதையில் உங்களைத் தள்ளுகிறது.

குற்றாலச் சாரல் பற்றியும் எழுதியிருந்தார். பொறாமையாக இருக்கிறது. எங்களுக்கு வாளையாறு கணவாயில் வருவது காற்று மட்டும்.

ஜூன் 19

"லிட்டரில் சொன்னால் என்ன, ஏன் கிலோ?"

இயந்திரம் எரிப்பதும் இறக்கை தூக்குவதும் எடையை. டேங்க் பிடிப்பது கொள்ளளவை. இரண்டுக்கும் நடுவே அடர்த்தி என்று ஒன்று நிற்கிறது. ஜெட் எரிபொருளுக்கு 15 டிகிரியில் லிட்டருக்கு 0.775 முதல் 0.840 கிலோ வரை. வெயில் ஏறினால் இன்னும் குறையும். பாலக்காட்டின் மார்ச் மாதச் சூட்டில் நிறைத்த டேங்க், டிசம்பரில் நிறைத்த டேங்கைவிட எடை குறைந்தது.

அந்த ஒரு பெருக்கல் எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா சாட்சி. 1983 ஜூலை 23. புதிய 767. எரிபொருள் அளவுமானி வேலை செய்யாததால் குச்சி விட்டு அளந்தார்கள்: 7,682 லிட்டர். தேவை 22,300 கிலோ. லிட்டருக்கு 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில் 1.77 என்று பெருக்கினார்கள். அது பவுண்டுக்கான எண். ஏற்கெனவே 13,597 'கிலோ' இருப்பதாக வந்தது. மீதிக்கு 4,917 லிட்டர் ஊற்றினார்கள். உண்மையில் தேவைப்பட்டதோ 20,000 லிட்டருக்கும் மேல். 41,000 அடியில் எரிபொருள் எச்சரிக்கை வந்து, சற்று நேரத்தில் இரண்டு இயந்திரங்களும் நின்று, கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் அதை இறக்கினார்கள். யாரும் சாகவில்லை என்பதால் கதையாகச் சொல்கிறோம்.

உங்கள் சிமுலேட்டரின் எரிபொருள் பக்கம் பவுண்டிலும் கேலனிலும் இருந்தால் முதல் வேலையாக அமைப்பில் கிலோவுக்கு மாற்றுங்கள். திட்டத் தாள் ஒரு அளவிலும் விமானம் வேறு அளவிலும் இருக்கக் கூடாது.

ஜூன் 23, ஞாயிறு

கொஞ்சம் வழி விலகுகிறேன். எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் பெட்ரோல், டீசல் போட எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போவார்கள். கேரளத்தில் விலை அதிகம். வாளையாற்றுக்கு அப்பால், கோபாலபுரத்துக்கு அப்பால் உள்ள பெட்ரோல் பங்க்குகளில் கேரள எண் பலகைகளை எண்ணிப் பாருங்கள்.

விமானங்களும் இதையே செய்கின்றன, ஆனால் திசை மாறி. தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு மதிப்புக்கூட்டு வரி 29 சதவீதம் என்று நெடுங்காலம் இருந்துவருகிறது. கேரளம் 5 சதவீதமாகக் குறைத்தது. ஆக, சாலையில் கேரளத்து லாரி தமிழ்நாட்டுப் பக்கம் போய் நிரப்புகிறது. வானில் தமிழ்நாட்டுக்குப் போகும் விமானம் கேரளத்தில் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து நிரப்பிக்கொள்வது லாபம். எங்கள் தலைக்கு மேலே ஒன்றும் எதிரே ஒன்றுமாகப் போகின்றன.

சிமுலேட்டரில் இதைச் செய்து பார்க்க ஆசை வந்தால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகச் சுமக்கும் எரிபொருளில் மணிக்கு ஏறத்தாழ 3 சதவீதம், அதைச் சுமப்பதற்கே எரியும். 3 டன் கூடுதலாகப் போட்டு ஒரு மணி நேரம் பறந்தால் 90 கிலோ காற்றோடு போயிற்று. விலை வித்தியாசம் அதைத் தாண்டினால்தான் லாபம். தரையிறங்கும் எடை வரம்பு எப்போதும் போல் வாசலில் நிற்கும்.

ஜூன் 24

முதலில் கேள்வி கேட்ட நண்பர் 6.5 டன்னோடு கொச்சிக்குப் போய் வந்திருக்கிறார். "விமானம் இவ்வளவு சுறுசுறுப்பாக ஏறும் என்று தெரியாது" என்கிறார். மகிழ்ச்சி. அடுத்து, சிமுலேட்டரின் வானிலை அமைப்பில் கையால் மேகத்தைக் கீழே இழுத்துவைத்துப் பறந்து பாருங்கள். நேரடி வானிலை சில நாட்களில் நம் மழையைவிடச் சாதுவாக இருக்கிறது.

ஜூலை 1

பெரிய விமானமே வேண்டாம் என்பவர்களுக்கு. செஸ்னா 172 எஸ் என்ற சிறு விமானம், கோயம்புத்தூரிலிருந்து கொச்சி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக. எனக்கு மிகவும் பிடித்த பயணம் இது. கணவாய் முப்பது கிலோமீட்டர் சொச்சம் அகலம், தரை 300 மீட்டருக்குள். இரண்டு பக்கமும் மலைச் சுவர். கஞ்சிக்கோட்டின் காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றன என்று பார்த்தாலே எதிர்காற்று புரிந்துவிடும்.

உச்ச எடை 1,157 கிலோ. வெற்று எடை ஏறத்தாழ 770. மீதி 387. டேங்க் நிறைந்தால் பயன்படுத்தக்கூடிய 200 லிட்டர், 144 கிலோ. ஆட்களுக்கு 243 மிச்சம்: 80 கிலோவில் மூன்று பேர், பையில்லாமல். நான்கு இருக்கை உள்ள விமானத்தில் நான்காவது ஆள் தரையில் நிற்கிறார்.

இப்போது தேவையைப் போடுங்கள். 120 நாட் வேகத்தில், 30 நாட் எதிர்காற்றில் போனால் தரைவேகம் 90. 65 கடல்மைலுக்கு முக்கால் மணி நேரம். கொச்சி மூடியிருந்தால் அதே காற்று பின்னால் தள்ளத் திரும்பி வர 26 நிமிடம். சிறு பிஸ்டன் விமானத்துக்கு இறுதி இருப்பு 45 நிமிடம். தரையில் ஊர்வதும் சேர்த்து இரண்டு மணி நேரம் சொச்சம். 75 லிட்டர், 54 கிலோ. ஆட்களுக்கு 333 கிலோ. நான்காவது ஆள் ஏறலாம்.

ஏற்றிய பிறகு ஈர்ப்பு மையத்தையும் பாருங்கள். பின்னால் இரண்டு பெரியவர்களும் பெட்டியும் என்றால் மூக்கு தானாகத் தூக்கும்.

ஜூலை 2

75 லிட்டர் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன், மனம் ஒப்பவில்லை. அது விதிக்குப் போதும், கணவாய்க்குப் போதாது. எதிர்காற்று 30 என்றது முன்னறிவிப்பு. 45 ஆனால் தரைவேகம் 75, பயணம் 52 நிமிடம். அப்போதும் கணக்கு நிற்கிறது. ஆனால் வாளையாற்றுக்கு மேலே மேகம் தாழ்ந்தால் மலைச் சுவர்களுக்கு நடுவே திரும்பிப் போக வேண்டும், எந்த இடத்தில் திரும்புவது என்று யோசிக்கவும் நேரம் வேண்டும். நான் 100 லிட்டர் போடுவேன். நான்காவது ஆள் 75 கிலோவாக இருக்கட்டும்.

ஜூலை 7

இணைய வலையில், கட்டுப்பாட்டாளரோடு பேசியபடி சிமுலேட்டரில் பறப்பவர்களுக்கு. "எரிபொருள் குறைவாக இருக்கிறது" என்று பொதுவாகப் புலம்பாதீர்கள். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த 707-இன் விமானிகள் எரிபொருள் தீர்கிறது என்று சொன்னார்கள். அவசரநிலை என்ற சொல்லைச் சொல்லவில்லை. 73 பேர் இறந்தார்கள். இன்று இரண்டு படிகள் உண்டு. இனி இந்த நிலையம்தான், தாமதம் ஏதும் வந்தால் இறுதி இருப்பு குறையும் என்றால் "மினிமம் ஃபியூயல்". அது முன்னுரிமை கேட்பது அல்ல, நிலைமையைச் சொல்வது. இறங்கும்போது இறுதி இருப்புக்குக் கீழே போய்விடும் என்று கணக்கு சொன்னால் "மேடே ஃபியூயல்".

ஜூலை 14

737-800 வைத்திருக்கும் தம்பி கேட்டது: நடு டேங்கில் 2 டன், இறக்கைகளில் தலா 3 டன் போடலாமா? கூடாது. நடு டேங்கில் 453 கிலோவுக்கு மேல் இருந்தால் இறக்கை டேங்குகள் நிறைந்திருக்க வேண்டும். தலா ஏறத்தாழ 3,900 கிலோ. இறக்கையில் இருக்கும் எடை, தூக்குவிசை அதை மேலே வளைப்பதைத் தணிக்கிறது. உடலின் நடுவே இருக்கும் எடை வளைவைக் கூட்டுகிறது. அதனால்தான் பறக்கும்போது நடு டேங்க் முதலில் காலியாகிறது. உங்கள் 8 டன்னுக்கு இறக்கைகளை நிரப்பி, மீதி 200-ஐ நடுவில் விடுங்கள். அந்த 200-ம் வேண்டாம் என்றால் நடு டேங்க் பம்புகளை அணைத்தே வையுங்கள், எச்சரிக்கை விளக்கு தொந்தரவு செய்யாது.